மரத்துக்குத் திரும்பினால் மானம் போகுமா?

“கட்டுமரக் காலமெல்லாம் மலையேறிப் போச்சு சார்.” புதுச்சேரியில் மீன்பிடித் தொழிலைப் பற்றிப் பேச்செடுத்தால் இந்த வாக்கியம் வராமல் இருக்காது. அரசு விழா மேடையில் வரும், கருத்தரங்கக் கட்டுரையில் வரும், உப்பளத்தில் டீ குடித்துக்கொண்டு நிற்பவர் வாயிலும் வரும். மரத்திலிருந்து ஃபைபர், ஃபைபரிலிருந்து விசைப்படகு, விசைப்படகிலிருந்து ஆழ்கடல் கப்பல் என்று மனதுக்குள் ஓர் ஏணியைச் சாத்தி வைத்திருக்கிறோம். ஏறுகிறவன் கெட்டிக்காரன், இறங்குகிறவன் நொடித்துப்போனவன். வம்பாகீரப்பாளையம் கரையிலோ அரியாங்குப்பத்து ஆற்றின் கழிமுகத்திலோ ஒருவர் தன்னந்தனியாக மிதவையில் உட்கார்ந்து வலை போடுவதைப் பார்த்தால், “பாவம், கடன்ல போட்டை வித்திருப்பான்” என்று உச்சுக் கொட்டுகிறோம்.

இந்த ஏணியே தப்பு என்பது என் கட்சி. புதிய பொருளோடும் புதிய கருவியோடும் ஒற்றை ஆள் மிதவைக்குத் திரும்புவது தொழிலில் கீழே இறங்குவது ஆகாது. கரையோரக் கடலுக்கும் கழிமுகத்துக்கும் அதைவிடப் பொருத்தமான கலத்தை இதுவரை யாரும் கொண்டுவந்து காட்டவில்லை.

படகு, தண்ணீரை உள்ளே விடாத வரைக்கும்தான் படகு. ஓட்டை விழுந்தாலோ அலை வாரி இறைத்தாலோ கதை முடிந்தது. மிதவைக்கு உள், வெளி என்பதே கிடையாது. அலை மேலே ஏறும், இடுக்கு வழியாக வடிந்துவிடும். கவிழ்ந்தால் பிடித்துக்கொண்டு மறுபடி ஏறலாம். கட்டுமரம் இந்த இனம். ஏரியில் வலை விரிக்க லாரி டியூபில் போகிறார்களே, அதுவும் இந்த இனம். தெர்மாகோல் பலகையைச் சாக்கில் வைத்துத் தைத்து அதன்மேல் குந்தி நண்டு வலை போடுவதும், வெளிநாட்டுத் தூண்டில்காரர்கள் காற்றடைத்த வளையத்தில் உட்கார்ந்து ஏரியில் இறங்குவதும் அதே குடும்பம்தான். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் இந்தியப் படகு வடிவங்களை ஆராய்ந்து எழுதியபோது, கரைக்குக் கரை மாறும் கட்டுமர வகைகளைப் பிரித்துப் பிரித்து விவரித்தார். அலை உடைகிற, துறைமுகம் இல்லாத கரையில் பிறந்த கலம் அது. அந்த வேலைக்கு வேறு எதுவும் சரிப்படவில்லை.

புதுச்சேரிக்கு இது நன்றாகவே தெரியும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கப்பல்கள் தள்ளித்தான் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கு சலங்குப் படகில் வரும், அலை மிஞ்சிய நாளில் சேதி மட்டும் கட்டுமரத்தில் போகும். 1866இல் இரும்புப் பாலம் கட்டினார்கள். 1952 புயல் அதை முறித்தது. பிறகு 1962இல் உப்பளத்துப் பக்கம் புதுப் பாலம் எழுந்தது. இத்தனைக்கும் நடுவில் எந்தப் பாலத்தையும் நம்பாமல் மணலில் இருந்து நேரே அலைவாய்க்குள் போய் வந்தது மரம் ஒன்றுதான்.

அப்படியிருந்தும் அது ஏன் குறைந்தது? ‘காலம் மாறிவிட்டது’ என்பது சோம்பேறிப் பதில். இந்த ஊரில் மரத்தைக் கொன்றது காலமில்லை, கருங்கல். 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில், உப்பளத்துக்குத் தெற்கே, துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் போட்டார்கள். நம் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே கடல் கரையைத் தின்றது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று வரிசையாக மணல் போனது. கடற்கரைச் சாலையைக் காப்பாற்றக் கற்களைக் கொட்டினார்கள். கட்டுமரத்துக்கு வேண்டியது ஒரே ஒரு வசதி: இழுத்துப் போட, அவிழ்த்துக் காயவைக்க, வலை உலர்த்த நாலு முழ மணல். அதைப் பிடுங்கிக்கொண்டு, கற்குவியல் முன்னால் நின்றவனைத் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போ என்றோம். போனான். போன இடத்தில் மரத்துக்கு என்ன வேலை? அங்கே எஞ்சின் உள்ள கலம்தான் செல்லும். இடத்தைப் பறித்துவிட்டு, இடமில்லாமல் போனவனைக் காலத்துக்கு ஒவ்வாதவன் என்பது எந்த ஊர் நியாயம்?

அந்தத் துறைமுகம் எப்போதும் திறந்திருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. முகத்துவாரத்தில் மணல் தூர்ந்து, விசைப்படகுகள் தரைதட்டி, தூர்வாரச் சொல்லி மீனவர்கள் போராடுவது இங்கே வழக்கமான செய்தி. பெரிய கலம் அடியில் ஆழம் கேட்கும். முழங்கால் தண்ணீர் இருந்தால் மிதவைக்குப் போதும். ஏணியின் உச்சியில் இருப்பவர் முகத்துவாரம் திறக்கக் காத்திருக்கும் நாளில், அடிப்படியில் இருப்பவர் கிழங்கானும் நண்டும் கொண்டுவந்துவிடுகிறார்.

அடுத்த அடி 2004 டிசம்பர் 26இல் விழுந்தது. ஆழிப்பேரலைக்குப் பின் உதவி என்று வந்தவர்களில் பலர் ஃபைபர் படகைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்கள். படம் எடுக்க எடுப்பாக இருக்கும், எண்ணிக்கை காட்டவும் சுலபம். உடைந்தது மரமாக இருந்தாலும் கொடுத்தது எஞ்சின் வைத்த படகு. அதுவும் தனியாளுக்குக் கிடைப்பது அரிது, நாலைந்து பேர் கொண்ட குழுவுக்கு ஒன்று. நேற்று வரை சொந்த மரத்துக்குச் சொந்தக்காரராக இருந்தவர் இன்று ஒரு படகில் பங்காளி. எண்ணெய்க்கு ஒரு பங்கு, எஞ்சினுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு போக மீதியைப் பிரிக்கவேண்டும். பாடு இல்லாத நாளிலும் எண்ணெய் எரிந்தது எரிந்ததுதான். இந்தக் கணக்கு கட்டுப்படி ஆகாமல் படகைக் கரையில் கவிழ்த்தவர்கள் உண்டு. கரையில் கிடந்து வெயிலில் வெளுத்து, ஓரம் பிய்ந்து, விறகுக்கும் உதவாமல் கிடக்கும் ஃபைபர் ஓடுகளைப் பார்க்காதவர் யார்? அப்படிப்பட்டவர்களில் ஒருவர் மறுபடி ஒற்றை ஆள் மிதவைக்கு வந்தால் அதைத் தோல்வி என்கிறார்கள். எனக்கு அது கணக்குத் தெரிந்தவர் எடுத்த முடிவாகத் தெரிகிறது.

மேலே ஏறச் சொல்லும் கொள்கையின் கதையும் இருக்கிறது. 1953இல் கேரளத்தில் இந்தோ–நார்வே திட்டம் தொடங்கியதிலிருந்து இந்தியாவில் மீன்பிடி வளர்ச்சி என்றால் எஞ்சின்தான். பாக் நீரிணை இழுவைப் படகுகளுக்கு மாற்றாக 2017இல் ஆழ்கடல் சூரை மீன் படகுத் திட்டம் வந்தது. ஒரு படகின் மதிப்பு அப்போது 80 லட்சம். ஒன்றிய அரசு பாதி, மாநில அரசு ஐந்தில் ஒரு பங்கு. ஆக ஒரு கலத்துக்கு மானியம் மட்டுமே 56 லட்சம். மீதியில் வங்கிக் கடனும் கைப்பணமும். அந்தத் திட்டத்துக்கு எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. கரையிலிருந்து ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடும் தொழிலுக்கு இதில் நூற்றில் ஒரு பங்கையாவது யாராவது ஒதுக்கினார்களா? உயிர்காப்பு உடை, விளக்கு, ஈரம் புகாத போன் உறை, நல்ல மிதவை ஓடு. எல்லாம் சேர்த்தாலும் ஒரு சூரைப் படகின் குளிர்பதன அறைச் செலவைத் தொடாது.

சரி, பாதுகாப்பு? இதுதான் எதிர்த்தரப்பின் வலுவான வாதம், அதனால் இதில் கொஞ்சம் நின்று பேசுவோம்.

பழைய மிதவைகளின் குறையை நான் மூடி மறைக்கப்போவதில்லை. மரம் தண்ணீரைக் குடித்துக் கனக்கும், அவிழ்த்துக் காயவைக்காவிட்டால் இழுக்க ஆள் போதாது. தெர்மாகோல் உடைந்து மணி மணியாகக் கடலில் பரவும். மீன் தின்னும், கரையெல்லாம் வெள்ளைக் குப்பை. லாரி டியூப் எல்லாவற்றிலும் மோசம். ஒரே அறை, முள் குத்தினால் காற்று போய்விடும். வட்டம் என்பதால் கால் இரண்டையும் நடுவில் விட்டு உட்கார்ந்தவர் கவிழ்ந்தால் சட்டென்று வெளியே வரமுடியாது. வலை காலில் சுற்றினால் முடிந்தது. போதாததற்குக் கறுப்பு நிறம். விடியற்காலை இருட்டில் துறைமுகத்துக்குள் வேகமாக நுழையும் விசைப்படகின் சுக்கான்காரருக்கு அது தண்ணீரோடு தண்ணீராகத்தான் தெரியும்.

ஆனால் இவை அத்தனையும் பொருளின் குறைகள். தூண்டில்காரர்களுக்காக இப்போது செய்யும் மிதவை வளையத்தைப் பாருங்கள். முழு வட்டம் போய், முன்பக்கம் திறந்த லாட வடிவம் வந்துவிட்டது. தடுமாறினால் முன்னால் நழுவி வெளியேறலாம். காற்றறை இரண்டோ அதற்கு மேலோ தனித்தனியாக இருக்கும், ஒன்று போனாலும் இன்னொன்று தாங்கும். இருக்கை தண்ணீர் மட்டத்துக்கு மேலே வந்துவிட்டது. மேலுறை தடித்த நைலான், கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு அல்லது மஞ்சள். காலில் நீச்சல் துடுப்பை மாட்டிக்கொண்டு பின்பக்கமாகத் தள்ளிப் போகவேண்டும், கைகள் இரண்டும் தூண்டிலுக்கும் வலைக்கும் மிச்சம்.

கடலுக்கு இது ஆகாது, அதையும் சொல்லிவிடுகிறேன். அலைவாயில் இதை இறக்குவது பைத்தியக்காரத்தனம். கச்சான் வீசினால் கால் துடுப்பால் கரையை எட்டமுடியாது, காற்று ஆளை வெளியே தள்ளிக்கொண்டே போகும். ஆற்று ஓட்டத்திலும் இதே கதி. ஏரிக்கும் ஓட்டம் அடங்கிய உப்பங்கழிக்கும் வளையம், திறந்த கடலுக்குக் கட்டுமரம். இடம் அறிந்து கலம் எடுப்பது மீனவருக்கு யாரும் சொல்லித் தரவேண்டிய பாடம் இல்லை.

கட்டுமரமும் அதே இடத்தில் நின்றுவிடவில்லை. வம்பாகீரப்பாளையத்தில் ஒருவர் இழுத்துக்கொண்டு வந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். உள்ளே நுரை, வெளியே ஃபைபர் தோல். அணியம் பழைய மரத்தைப் போலவே மேல்நோக்கி வளைந்திருக்கிறது. மேலே தண்ணீர் வடிய இரண்டு வாய்க்கால், நடுவில் முட்டி தேயாமல் இருக்க ஒட்டிய பழைய ரப்பர் பாய். மீன் போட, வாய் வெட்டிய 20 லிட்டர் கேன் ஒன்றைக் கயிற்றால் கட்டியிருந்தார். நெற்றியில் எல்இடி விளக்கு, கழுத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் போன். துடுப்பு மட்டும் பிளந்த மூங்கில், அதில் மாற்றம் இல்லை.

“என்னண்ணே, திரும்பவும் மரமா?” என்றான் கூட நின்ற பையன்.

“மரம் எங்க இருக்கு தம்பி, இது ஃபைபரு. மரம்னா நனைஞ்சு கனக்கும், கரையேத்த ரெண்டு ஆள் வேணும். இத நான் ஒருத்தனே இழுத்துட்டு வந்துடுவேன். எண்ணெ போடவும் வேணாம், யார்கிட்டயும் பங்கு பிரிக்கவும் வேணாம்.”

நான் பல பத்திகளில் சொன்னதை அவர் நாலு வாக்கியத்தில் முடித்துவிட்டார். ஆனால் அவர் கழுத்தில் தொங்கிய போனைப் பற்றி இன்னும் பேசவேண்டியிருக்கிறது. கட்டுமரக்காரர் கடலில் செத்ததற்குப் பெரும்பாலும் காரணம் மரம் மிதக்காமல் போனது அல்ல. புயலும் பேரலையும் வருவது அவருக்குத் தெரியாமல் போனதுதான். அந்தக் குறையை முதலில் தீர்த்துக் காட்டிய இடங்களில் ஒன்று நம் பக்கத்து ஊர். 1998இல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படை வெளியிடும் அலை உயர முன்னறிவிப்பை இணையத்தில் எடுத்து, தமிழில் மாற்றி, ஒலிபெருக்கியில் சொன்னார்கள். விடிகாலையில் மரம் தள்ளுவதா வேண்டாமா என்பதை அதைக் கேட்டுவிட்டு முடிவு செய்தார்கள். 2004இல் நல்லவாடு தப்பித்ததும் இப்படித்தான். சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் செய்தி பார்த்துப் போன் செய்ய, தகவல் மையத்து ஒலிபெருக்கி ஊரை எழுப்பி வெளியேற்றியது. இன்று ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனத்தின் அலை, காற்று முன்னறிவிப்பு போனிலேயே வருகிறது. கரையிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில் தொழில் செய்பவருக்குப் போன் சிக்னல் கிடைக்கும், எச்சரிக்கை வந்தால் திரும்பி வரவும் நேரம் இருக்கும்.

பெரிய கலம் என்றால் பாதுகாப்பு என்பவர்கள் 2017 நவம்பர் கடைசியை நினைத்துப் பார்க்கட்டும். ஒக்கி புயல் வந்தபோது கன்னியாகுமரி மாவட்டத்துப் படகுகள் பல நாள் தங்கலாக வெகுதூரத்தில் இருந்தன. எச்சரிக்கை அவர்களுக்கு எட்டவே இல்லை. படகு பெரியதாக இருந்ததால்தான் அவர்கள் அவ்வளவு தூரம் போனார்கள், அவ்வளவு தூரம் போனதால்தான் சேதி எட்டவில்லை. ஆழ்கடலுக்கு யாரும் போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆபத்தைக் கலத்தின் நீளத்தால் அளக்காதீர்கள் என்கிறேன்.

இனி இன்னொரு தரப்பு. இவர்கள் மரத்தை இகழமாட்டார்கள், பூஜிப்பார்கள். பாரம்பரியம், மரபறிவு, அழிந்துவரும் கலை என்பார்கள். ஆனால் ஃபைபர் தோலைப் பார்த்ததும் முகம் சுளிப்பார்கள்: “இது கட்டுமரமே இல்லையே, கட்டு எங்கே, மரம் எங்கே?” இவர்களுக்கு வேண்டியது அருங்காட்சியகத்தில் வைக்க ஒரு மரம், விடுதி முகப்பில் சாய்த்துவைக்க ஒரு மரம். தொழில் செய்ய அல்ல. பருத்தி நூல் வலை போய் நைலான் நரம்பு வலை வந்தது, தேங்காய் நார்க் கயிறு போய் பிளாஸ்டிக் கயிறு வந்தது, துணிப்பாய் போய் உரச்சாக்குப் பாய் வந்தது. அப்போதெல்லாம் எந்த மரபுக் காவலரும் அழவில்லை. மீனவர் எந்தக் காலத்திலும் கிடைத்ததில் சிறந்ததை எடுத்துக்கொண்டவர்தான்.

புதுப் பொருளில் பழைய கலத்தைச் செய்வது சுலபம் என்றும் நான் சொல்லவில்லை. கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்தில், கோட்டாறு சமூக சேவை சங்கத்தின் படகு கட்டும் தளத்தில், பெல்ஜியரான பியேர் கில்லெ கடலோர மீனவர்களுக்காக ஒட்டுப்பலகையில் சிறு படகுகள் செய்து பார்த்தார். அந்த அனுபவத்தை எழுதி 1985இல் வந்த அவருடைய நூலின் தலைப்பே சிறியது கடினம் என்ற பொருளில்தான் இருக்கிறது. பெரிய படகுக்கு வரைபடம் போட ஆள் இருக்கிறது, கடன் கொடுக்க வங்கி இருக்கிறது, திறந்துவைக்க அமைச்சர் இருக்கிறார். சின்னதற்கு யாரும் இல்லை. பெரியதற்குக் கொட்டிய பொறுமையிலும் பொறியியலிலும் ஒரு துளி சின்னதற்குக் கிடைத்திருந்தால் இன்றைய மிதவை எங்கேயோ போயிருக்கும்.

ஏணியின் மேல் படிகள் எங்கே கொண்டுபோய் விட்டிருக்கின்றன என்பதையும் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டின் 1983ஆம் ஆண்டுச் சட்டம் கரையிலிருந்து 3 கடல் மைலைச் சிறுதொழிலுக்கு ஒதுக்கியது. விசைப்படகுகள் அதற்குள் வந்து இழுப்பது இன்றும் தீராத சண்டை. சுருக்குமடி வலை இன்னொரு சண்டை. அதில் முதல் போட்டவர் அதைப் பிடுங்கவிடமாட்டார், அந்த வலையால் மீன் இழந்தவர் அதைப் போடவிடமாட்டார். 2021 ஆகஸ்டில் வீராம்பட்டினமும் நல்லவாடும் இதற்காகக் கடலிலும் கரையிலும் மோதிக்கொண்டு, போலீஸ் வானத்தை நோக்கிச் சுடவேண்டி வந்தது. முன்னறிவிப்புக்கும் எச்சரிக்கைக்கும் பெயர் வாங்கிய அதே இரண்டு ஊர்கள். ஒற்றை ஆள் மிதவையில் போகிறவர்களுக்குள் சண்டையே வராது என்று சத்தியம் செய்யமாட்டேன், ஆனால் துப்பாக்கி தேவைப்படும் அளவுக்கு வராது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. எஞ்சின் இல்லாத மரத்துக்கு விலக்கு உண்டு. மீன் குஞ்சு பொரிக்கும் பருவத்தில்கூட கட்டுமரக்காரரால் கடலுக்குக் கேடு இல்லை என்று அரசே ஒப்புக்கொண்டதற்கு அத்தாட்சி இது. அந்த இரண்டு மாதமும் மீனுக்கு விலை இருக்கும். மடவைக் கூட்டம் எஞ்சின் சத்தம் கேட்டால் துள்ளிக் கலையும், துடுப்புச் சத்தத்துக்கு அவ்வளவாகப் பயப்படாது. வருமானம் குறைவுதான். செலவு அதைவிடக் குறைவு. முழு ஆண்டும் மிதவையே கதி என்று யாரும் கிடக்கவேண்டாம். தடைக் காலத்தில் மிதவை, மற்ற காலத்தில் அண்ணன் படகில் பங்கு என்று இரண்டையும் பார்ப்பவர் இருக்கலாம். ஏணியில் அப்படி ஒருவருக்கு இடமே இல்லை, அதனால்தான் அவரை யார் கணக்கிலும் காணோம்.

மணலைப் பற்றியும் ஒன்று. 2018இல் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்பில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் செயற்கைத் திட்டு போட்டார்கள். கற்களுக்கு முன்னால் மறுபடி மணல் சேர்ந்தது. சுற்றுலாப் பயணிகள் இறங்கி நிற்கிறார்கள், நல்லது. திரும்பிவந்த மணலில் மரம் இழுத்துப் போட ஒரு மூலை ஒதுக்குங்கள் என்று கேட்டால், ‘அழகு கெட்டுவிடும்’ என்பார்கள். கரையை முதலில் வைத்திருந்தவர் யார் என்பதைக் குருசுக்குப்பத்தில் போய்க் கேட்கலாம்.

கடைசியாக எல்லோரும் எடுக்கும் துருப்புச் சீட்டு: “இந்தக் காலத்துப் பசங்க யாரும் இதுல ஏற மாட்டாங்க. அப்பன் முட்டிபோட்டு நனைஞ்சத பாத்த பையன் வளைகுடாவுக்குத்தான் போவான்.” போகட்டும், விருப்பம் அவனுடையது. ஆனால் மிதவையின்மேல் அவனுக்கு வெறுப்பு என்று மட்டும் சொல்லாதீர்கள். கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் அலைச்சறுக்கில் தேசியப் போட்டிகளில் பரிசு வாங்குகிறார்கள். நம் தந்திராயன்குப்பத்துக் கரையில் வெளியூர்க்காரர்கள் காசு கொடுத்து அதே வித்தையைக் கற்கிறார்கள். அவர்கள் காலுக்குக் கீழே இருக்கும் பலகையைப் புரட்டிப் பாருங்கள்: பெரும்பாலும் உள்ளே நுரை, வெளியே ஃபைபர் தோல்.